நம்பிக்கை இடைவெளி

குவோப்பியோவில் டிசம்பர் மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
என் கணினித் திரையில் அப்போதுதான் விடியும்.
வரிசை வரிசையாய் ஆட்கள்.
பெயர் இல்லை, முகம் இல்லை.
பிறந்த ஆண்டு, ஊசி போட்ட தேதி,
மருத்துவமனைக்கு வந்த தேதி,
வராதவர்களுக்கு ஒரு வெற்றுக் கட்டம்.

நான் இதயத்தைத் தொட்டதில்லை.
ரத்தம் பார்த்தால் தலை சுற்றும்.
என் வேலை எண்ணுவது.
மேலே தொகுதி, கீழே பகுதி,
நடுவே ஒரு கோடு.
அந்தக் கோட்டில்தான்
இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன்.

மேலே இருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.
அவர்களுக்குப் புகைப்படம் உண்டு,
செய்தித்தாளில் அரைப்பக்கம் உண்டு.
கீழே இருப்பவர்கள்
ஊசி போட்டு, ஒருநாள் கை வலித்து,
மறுநாள் உருளைக்கிழங்கு வாங்கப் போனவர்கள்.
ஒன்றும் நடக்காதவர்களைப் பற்றி யார் எழுதுவார்?
நான் எழுதுகிறேன்,
ஏழு இலக்கத்தில்.

திங்கட்கிழமை யால்மரி ஒரு கோப்போடு வந்தார்.
இதய மருத்துவர். ஈரக் காலணியை வாசலில் விட்டுக்
கம்பளிக் காலுறையோடு நடப்பவர்.
"இவனை எங்கே வைப்பது?"

பதினேழு வயது. பனிச்சறுக்குப் பந்தயக்காரன்.
வியாழன் இரண்டாம் ஊசி.
ஞாயிறு காலை, ஏற்றத்தின் பாதியில்,
நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் என்று
செவிலியரிடம் சொல்லியிருக்கிறான்.
ட்ரோபோனின் ஏறியிருந்தது.
ஸ்கேனில், இதயத் தசையின் ஓரத்தில்
வெள்ளையாய் ஒரு கீற்று,
பால் பொங்கிப் பாத்திர விளிம்பில் காய்ந்த மாதிரி.
நான்காம் நாள் வீட்டுக்குப் போனான்.
ஆறு மாதம் ஓடக்கூடாது.

"ஊசிதான்" என்றேன்.
"கடைசி வரியைப் பாருங்கள்."
யாரோ அவசரத்தில் எழுத்துப் பிழையோடு தட்டியது:
முந்தைய வாரம் தங்கைக்குக் காய்ச்சல்,
இவனுக்கும் தொண்டைக் கரகரப்பு,
பரிசோதனை செய்யவில்லை.

ஒரு கரகரப்பு!
அதை நம்பினால் ஊசியின் கணக்கு இளைக்கும்,
நம்பாவிட்டால் பெருக்கும்.
இளைத்தால் நிம்மதியாய்த் தூங்க
தலைநகரில் ஓர் அதிகாரி இருக்கிறார்.
பெருத்தால் கொண்டாட
எனக்கு வாராவாரம் கொலைகாரி என்று
கடிதம் போடுபவர் இருக்கிறார்.
பையனுக்கு எதுவானால் என்ன,
அவனுடைய பனிக்காலம் போயிற்று.

கிருமி தொற்றினாலும் இதே தசை வீங்கும்.
அது வேறோர் அட்டவணை.
மொத்தத்தில் அதன் எண்தான் பெரியது.
'மொத்தத்தில்' என்ற சொல்லை
ஒரு பதினேழு வயதின் தாயிடம்
சொல்லிப் பாருங்கள்.

படிவத்தில் மூன்று பெட்டி.
உறுதி. அநேகமாக. இருக்கலாம்.
காப்பி ஆறும்வரை சண்டை போட்டோம்.
அநேகமாக என்று குறித்தோம்.
ஐந்தாம் தசமத்தில் ஓர் இலக்கம்
புரண்டு படுத்தது.

எந்த எண்ணையும் தனியாய் விடக்கூடாது.
பக்கத்தில் இரண்டு எண் காவல் நிற்கவேண்டும்,
இதற்குக் குறையாது, இதற்கு மிகாது என்று.
அதற்குப் பெயர் நம்பிக்கை இடைவெளி.
பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்குமா
இது எவ்வளவு பொருந்தும் என்று?

ஆள் குறைந்தால் அது அகலும்.
பதினாறு முதல் பத்தொன்பது, ஆண், இரண்டாம் ஊசி:
உள்ளே ஒரு பேருந்து திரும்பலாம்.
ஒடுக்க ஒரே வழிதான்.
இன்னும் சில பையன்கள்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

வரவேண்டாம்.
அகலமாகவே அச்சுக்குப் போகட்டும்.

நேற்று வீடு திரும்பும்போது
புயியோ குன்றின் அடியில் விளக்குத் தடம்.
நெற்றியில் ஒளி கட்டிய பையன்கள்
ஒருவர் பின் ஒருவராய் இறங்கினார்கள்.
ஓரமாய் ஒருவன் மட்டும் சறுக்காமல்,
கக்கத்தில் மற்றவர்களின் கையுறைகளோடு
நிறுத்தக் கடிகாரத்தைப் பிடித்து நின்றான்.
அவனாக இருக்கலாம்.
வெறும் கணுக்கால் சுளுக்காகவும் இருக்கலாம்.
சட்டப்படி நான் கேட்கக்கூடாது.
கேட்டும் என்ன செய்ய, எந்தப் பெட்டியில் போட?

"நான்கு நிமிடம் பதினொன்று!" என்று கத்தினான்.
"பொய்!" என்றது இருட்டுக்குள் ஒரு குரல்,
"சரியாகப் பார்!"

அவன் வெளிச்சத்துக்கு நகர்ந்து
மறுபடி பார்த்தான்.